எச்.ஐ.வி. வைரஸ் அடங்கிய பிறகும் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) ஏன் முழுதாக அடங்குவதில்லை?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கும் ஒருவருடைய மகன் கேட்ட கேள்வி இது. அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். "எங்க நைனாவுக்கு வயசு 49. பத்து வருஷத்துக்கு மேல எச்.ஐ.வி.க்கு ஏஆர்டி மாத்திரை விடாம சாப்பிடுறாரு. வைரல் லோடு ரிப்போர்ட்ல வைரஸ் தென்படலன்னுதான் ஒவ்வொரு தடவையும் வருது. எதிர்ப்புச் சக்தியைக் காட்டுற சிடி4 அணு 560. போன மாசம் நெஞ்சு வலி வந்து, ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வெச்சாங்க. இந்த நோய் இருக்கிறவங்களுக்கு உள்ளுக்குள்ள இன்ஃப்ளமேஷன் இருந்துகிட்டே இருக்கும், அதனாலதான்னு ஹார்ட் டாக்டர் சொன்னாரு. வைரஸே இல்லாதப்ப அது எங்கிருந்து வருது? தெருமுனை கிளினிக்குக்குப் போனா இந்த நோயைப் பத்தி வாயே திறக்க மாட்டேங்குறாரு. பெரியப்பா வேற, எல்லாம் மாத்திரை சூடு, ஆறு மாசம் நிறுத்திப் பாருன்றாரு. நிறுத்தலாமா? சூட்டைத் தணிக்க வேற ஏதாவது இருக்கா?"

நான் மருத்துவர் இல்லை, தம்பி. நுண்ணுயிரியல் படித்துவிட்டு வடசென்னையில் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்த்தவன். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் ஏஆர்டி மையத்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் அவசரமான கேள்வி. நிறுத்தவே கூடாது. பெரியப்பா சொல்வது ஒன்றும் புதிய யோசனை இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் பெரிய நிபுணர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அன்றைக்கு இருந்த மருந்துகளில் பல கொழுப்பை ஏற்றின, கன்னத்தை ஒட்டவைத்தன, கால் எரிச்சல் கொடுத்தன. சிடி4 நன்றாக இருக்கும் காலத்தில் மருந்துக்கு ஓய்வு கொடுத்தால் இதயமும் ஈரலும் தப்பிக்குமே என்று கணக்குப் போட்டார்கள். 33 நாடுகளில் 5,472 பேரைச் சேர்த்து 'ஸ்மார்ட்' என்ற ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். மறுபாதிப் பேர் சிடி4 350க்கு மேல் இருக்கும்போது நிறுத்தினார்கள், 250க்குக் கீழே இறங்கினால் மறுபடி தொடங்கினார்கள். 2006 ஜனவரியில் அந்த ஆய்வைப் பாதியிலேயே கைவிட வேண்டியதாயிற்று. மருந்தை விட்டுவிட்டு எடுத்தவர்களுக்கு எய்ட்ஸ் சார்ந்த தொற்றோ மரணமோ வரும் வாய்ப்பு 2.6 மடங்காக இருந்தது. அதுகூட ஓரளவு புரிந்துகொள்ளக் கூடியதுதான். இதயம், சிறுநீரகம், ஈரல் கோளாறுகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன, 1.7 மடங்கு. எதைக் காப்பாற்ற மாத்திரையை நிறுத்தினார்களோ அதுவே அடிபட்டது.

அந்த ஆய்வில் சேமித்து வைத்திருந்த ரத்தத்தைப் பிறகு எடுத்து அளந்தார்கள். ஐஎல்-6 என்பது உடம்பில் அழற்சி நடக்கிறது என்று காட்டும் பொருள். டி-டைமர் என்பது எங்கோ ரத்தம் உறைந்து உறைந்து கரைகிறது என்பதற்கான அடையாளம். மாத்திரையை நிறுத்திய ஒரே மாதத்தில் இரண்டும் ஏறியிருந்தன. இரண்டும் அதிகமாக இருந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். ஆக, அப்பா சாப்பிடும் அந்த ஒரு மாத்திரைதான் அவர் உடம்பில் அழற்சியை அடக்குகிற முதல் மருந்து. பெரியப்பாவிடம் இதை மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, இனி 'எங்கிருந்து வருகிறது' என்ற கேள்விக்கு வருவோம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். 1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்குப் போய்ப் பரிசோதிக்கப்பட்டன. அன்றைக்கு எல்லோர் மனதிலும் இருந்த படம் ஒன்றுதான்: இந்த வைரஸ் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும், பிறகு டிபி, நிமோனியா, பூஞ்சைத் தொற்று வந்து ஆள் போய்விடுவார். 49 வயதில் மாரடைப்பு வருமா என்று கவலைப்பட யாருக்கும் அவகாசம் இல்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக ஏஆர்டி கொடுக்கத் தொடங்கியது, தாம்பரம் சானடோரியம் மாதிரி சில இடங்களில் ஆரம்பித்து மெல்ல மெல்லப் பரவியது. ஆட்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்கு வயதாகத் தொடங்கியபோதுதான் இந்த இரண்டாவது முகம் தெரிந்தது.

எதிர்ப்புச் சக்தி குறைகிறது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அது ஓய்வே இல்லாமல் கொதித்துக்கொண்டிருக்கிறது என்பது. ஆராய்ச்சியாளர்களைக் குழப்பிய ஒரு கணக்கு உண்டு. எச்.ஐ.வி. இருக்கும் ஒருவரின் ரத்தத்தில் சிடி4 செல்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் வைரஸ் புகுந்தவை மிகச் சிலதான். ஆனால் குறைவது எல்லாச் சிடி4 செல்களும். வைரஸ் தொடாத செல்கள் ஏன் சாகின்றன? 1990களில் இன்னொன்றும் கவனித்தார்கள். சிடி8 என்பவை வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லும் வெள்ளை அணுக்கள். அவற்றின் மேல் தூண்டப்பட்ட நிலையைக் காட்டும் அடையாளங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்த்தால், யார் சீக்கிரம் எய்ட்ஸ் நிலைக்குப் போவார்கள் என்பதை வைரல் லோடைவிட நன்றாகச் சொல்ல முடிந்தது.

இதைப் புரியவைத்தவை குரங்குகள். மேற்கு ஆப்பிரிக்காவில் சூட்டி மங்காபே என்று ஒரு குரங்கினம். எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸான எஸ்.ஐ.வி. அவற்றிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. மனிதர்களுக்கு வரும் எச்.ஐ.வி.-2 இந்தக் குரங்கிடமிருந்து வந்ததுதான். அவற்றின் ரத்தத்தில் வைரஸ் அளவு எக்கச்சக்கம். மருந்து சாப்பிடாத நம் நோயாளிக்கு இருக்கிற அளவே இருக்கும். ஆனாலும் அவற்றில் அநேகமாக எதற்கும் எய்ட்ஸ் வருவதில்லை. இயல்பாக வாழ்ந்து வயதாகிச் சாகின்றன. அதே வகை வைரஸ் ஆசியாவின் ரீசஸ் குரங்குக்குள் போனால் சிடி4 சரிந்து எய்ட்ஸ் வந்து செத்துப்போகிறது. வைரஸ் பெருகுவதில் வித்தியாசம் இல்லை. தொற்று வந்ததும் மங்காபேயின் எதிர்ப்பு மண்டலமும் துள்ளி எழுகிறது, வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் ஏறுகிறது. ஆனால் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. வைரஸ் பாட்டுக்கு இருக்கிறது, உடம்பு பாட்டுக்கு இருக்கிறது. ரீசஸ் குரங்கிலும் நம்மிலும் அந்த எழுச்சி அடங்குவதே இல்லை. எச்.ஐ.வி. பற்றி நான் படித்ததிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த விஷயம்தான். ஆளைக் கொல்வதில் வைரஸுக்கு எவ்வளவு பங்கோ, அதற்குக் குறையாத பங்கு நம் உடம்பின் ஓயாத சண்டைக்கும் இருக்கிறது.

ஏன் அடங்குவதில்லை? பெரிய காரணம் குடலில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் நாம் எண்ணுவது உடம்பின் சிடி4 செல்களில் ஒரு சிறு பங்கைத்தான். பெரும்பகுதி நிணநீர்க் கணுக்களிலும் குடல் சுவரிலும் இருக்கின்றன. குடலில் இருப்பவை ஏற்கெனவே விழிப்பு நிலையில் இருக்கும் செல்கள், சிசிஆர்5 என்ற வாசலைத் திறந்து வைத்திருப்பவை. எச்.ஐ.வி.க்கு வேண்டியது அந்த வாசல்தான். அதனால் தொற்று வந்த முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரின் சிடி4 செல்கள் பெருமளவு காலியாகிவிடுகின்றன. ஆளுக்கு அப்போது ஒரு காய்ச்சல், தொண்டை வலி வந்து போயிருக்கும், அவ்வளவுதான். ரத்தத்தில் சிடி4 இன்னும் 600, 700 என்று காட்டும்.

போகிறவற்றில் முக்கியமானது டிஎச்17 என்ற வகை. இவை சுரக்கும் ஐஎல்-17, ஐஎல்-22 ஆகியவைதான் குடல் சுவரின் செல்களை இறுக்கமாக வைத்திருக்கவும், கிழிந்ததைச் சரிசெய்யவும் சொல்லும் கட்டளைகள். கட்டளை நின்றால் சுவரில் இடைவெளி விழுகிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரம் கொட்டிவைத்திருக்கும் கருங்கற்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு இடத்தில் கல் சரிந்தால் மறுநாளே வீடு விழாது. ஆனால் ஒவ்வொரு பெருக்குக்கும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், அஸ்திவாரம் காயவே காயாது. குடலில் நடப்பதும் அதுதான். அங்கே வாழும் பாக்டீரியாக்களின் துண்டு துணுக்குகள், குறிப்பாக எல்பிஎஸ் என்ற அவற்றின் மேலுறைப் பொருள், ரத்தத்துக்குள் கசிகின்றன. எதிர்ப்பு மண்டலத்துக்கு எல்பிஎஸ் என்றால் அபாயச் சங்கு. உயிருள்ள கிருமி வந்ததா, செத்த துண்டு வந்ததா என்று அது பார்ப்பதில்லை. மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் கிளம்பி ஐஎல்-6 மாதிரிப் பொருள்களைக் கொட்டுகின்றன. நீண்டநாள் எச்.ஐ.வி. இருப்பவர்களின் ரத்தத்தில் எல்பிஎஸ் அதிகமாக இருப்பதையும் அது இந்தத் தூண்டலோடு சேர்ந்தே போவதையும் 2006இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று காட்டியது. அதே குழு மங்காபேகளையும் பார்த்தது. அவற்றின் ரத்தத்தில் எல்பிஎஸ் ஏறவில்லை. அவற்றுக்கும் குடலில் சிடி4 குறையத்தான் செய்கிறது. ஆனால் டிஎச்17 தப்பிக்கிறது, சுவர் நிற்கிறது.

இதோடு இன்னொரு சுழல் சேர்ந்துகொள்கிறது. வைரஸ் தொடாததாகத் தெரிந்த செல் ஏன் சாகிறது என்ற பழைய கேள்விக்கு 2014 வாக்கில் ஒரு பதில் கிடைத்தது. நிணநீர்த் திசுவில் ஓய்வாக இருக்கும் சிடி4 செல்லுக்குள் வைரஸ் நுழைகிறது, ஆனால் அங்கே அதற்குப் பெருக வசதி இல்லை. தன் மரபுப் பொருளை அரைகுறையாக நகலெடுத்து நிற்கிறது. செல் அந்த அரைகுறைத் துண்டுகளை மோப்பம் பிடித்து, தன்னைத் தானே வெடிக்கச் செய்துகொள்கிறது. அமைதியான சாவு இல்லை இது, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டும் சாவு. அதில் ஐஎல்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருளும் வெளியே வரும். அதன் வாசனைக்கு இன்னும் சிடி4 செல்கள் உதவிக்கு ஓடிவரும். வந்தவற்றிலும் வைரஸ் நுழையும். அந்த ஆய்வில் டான்சில், மண்ணீரல் திசுக்களில் செத்த சிடி4 செல்களில் 95 சதவீதம் இப்படிச் செத்தவை.

இதெல்லாம் மாத்திரை இல்லாதபோது நடக்கும் கதை. உங்கள் அப்பாவுக்கு மாத்திரை இருக்கிறதே, பிறகென்ன? அவர் சாப்பிடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரையாகத்தான் இருக்கும். இப்போது நம் மையங்களில் முதல் வரிசை மருந்து அதுதான். வைரஸ் ஒரு செல்லுக்குள் வந்து தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ. ஆக்குவதை முதல் இரண்டும் தடுக்கின்றன. அந்த டி.என்.ஏ. செல்லின் மரபணுவோடு ஒட்டிக்கொள்வதை மூன்றாவது தடுக்கிறது. கவனியுங்கள், மூன்றுமே ஒட்டிக்கொள்வதற்கு முன்னால் வேலை செய்பவை. பல வருஷம் முன்பே ஒட்டிக்கொண்டுவிட்ட வைரஸ் டி.என்.ஏ. மேல் இவற்றுக்குப் பிடி இல்லை. அப்படி ஒட்டியவை நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் உள்ள நெடுநாள் வாழும் செல்களில் ஒளிந்திருக்கின்றன. பெரும்பாலானவை பழுதானவை, முழு வைரஸை உண்டாக்க முடியாது. ஆனாலும் அவ்வப்போது வைரஸின் ஆர்.என்.ஏ.வையும் புரதத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தயாரிக்கின்றன. அதை எதிர்ப்பு மண்டலம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ரிப்போர்ட்டில் வைரஸ் தென்படவில்லை என்றால், ஒரு மில்லி ரத்தத்தில் அந்த இயந்திரம் பிடிக்கும் அளவுக்கு வைரஸ் இல்லை என்று பொருள். அது பெரிய விஷயம். அந்த நிலையில் உடலுறவு வழியாக இன்னொருவருக்கு நோய் போகாது என்பது உறுதியாகிவிட்ட செய்தி. ஆனால் உடம்பிலேயே வைரஸ் இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

குடல் சுவரும் மாத்திரையால் ஓரளவு தேறுகிறது, பழையபடி ஆவதில்லை. ரத்தத்தில் சிடி4 ஏறும் வேகத்தில் குடலில் ஏறுவதில்லை. நிணநீர்க் கணுக்களில் வருஷக்கணக்கில் நடந்த சண்டையால் வடு விழுந்திருக்கும்; புதிய சிடி4 செல்கள் வளரத் தேவையான இடமும் ஊட்டமும் அங்கே குறைந்துபோயிருக்கும். அப்புறம் சிஎம்வி என்று ஒரு வைரஸ். நம் ஊரில் வளர்ந்த அநேகமாக எல்லோர் உடம்பிலும் சின்ன வயதிலிருந்தே சத்தமில்லாமல் இருப்பது. எச்.ஐ.வி. இருப்பவருக்கு இதைக் காவல் காக்கவே ஏராளமான சிடி8 செல்கள் குவிந்து கிடக்கும். அதனால்தான் சிடி4 நன்றாக ஏறியும் சிடி4, சிடி8 விகிதம் பலருக்கு ஒன்றைத் தாண்டுவதில்லை. அப்பாவின் ரிப்போர்ட்டில் அந்த விகிதம் போட்டிருந்தால் பாருங்கள். சிடி4 என்ற ஒரே எண்ணை விட இது கொஞ்சம் அதிகம் பேசும்.

சிடி4 எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. ஐஎல்-2 ஊசி போட்டால் சிடி4 ஜோராக ஏறும். அதை ஏஆர்டியோடு சேர்த்துக் கொடுத்து, 4,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய 'எஸ்பிரிட்' என்ற ஆய்வின் முடிவு 2009இல் வந்தது. சிடி4 ஏறியது. நோயும் சாவும் குறையவில்லை. ரிப்போர்ட் அழகாக இருந்தது, ஆளுக்குப் பயனில்லை.

இப்போது இதயத்துக்கு வருவோம். தூண்டப்பட்ட மோனோசைட்டுகள் ரத்தக் குழாயின் உள்சுவரில் ஒட்டி உள்ளே நுழைகின்றன. அங்கே படிந்திருக்கும் எல்டிஎல் கொழுப்பை விழுங்கி வீங்கி, சுவருக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அது மென்மையான, சீக்கிரம் வெடிக்கக்கூடிய படிவு. அதே மோனோசைட்டுகள் ரத்தம் உறைவதைத் தொடங்கிவைக்கும் ஒரு பொருளையும் தம் மேல் ஏந்திக்கொண்டு சுற்றுகின்றன. ஒருநாள் படிவு வெடித்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைய எல்லாம் தயாராக இருக்கும். எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எலும்புத் தேய்வு, சிறுநீரகம், சில வகைப் புற்றுநோய், ஞாபக மறதி என்று இதே வேரிலிருந்து கிளைக்கும் மற்றவையும் உண்டு. இங்கே அதற்குள் போகவில்லை.

ஆனால் ஹார்ட் டாக்டர் சொன்னதில் எனக்கு ஒரு மனக்குறை. சொன்னது சரிதான், ஆனால் எல்லாவற்றையும் அழற்சியின் தலையில் போட்டால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிடுவோம். அப்பா பீடியோ சிகரெட்டோ பிடிக்கிறாரா என்று நீங்கள் சொல்லவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போகிறவர்கள் கையில் அது இல்லாமல் நான் அதிகம் பார்த்ததில்லை. டென்மார்க்கில் நல்ல சிகிச்சையில் இருந்த எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2013 வாக்கில் வந்தது. புகைப்பவர்கள் எச்.ஐ.வி.யால் இழந்த ஆயுள் சுமார் 5 வருஷம், புகையால் இழந்தது சுமார் 12 வருஷம். டாஸ்மாக் சரக்கும் அப்படித்தான். ஏற்கெனவே கசியும் குடல் சுவரை மது இன்னும் கசியவைக்கும், ஈரலையும் பிடிக்கும். மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் காற்றும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையும் ரத்தக் குழாய்க்கு நல்லதில்லை. அதற்கு அப்பா என்ன செய்ய முடியும், அது அரசாங்கத்திடம் கேட்க வேண்டிய கணக்கு. பீடி அவர் கையில் இருக்கிறது.

தாமதமாகத் தொடங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் சிகிச்சைக்கு வந்த காலத்தில் சிடி4 350க்குக் கீழே இறங்கினால்தான் பொதுவாக மருந்து தொடங்குவார்கள். அதற்குள் குடலும் நிணநீர்க் கணுக்களும் அடிபட்டிருக்கும். சிடி4 500க்கு மேல் இருக்கும்போதே தொடங்குவது நல்லதா என்று பார்த்த 'ஸ்டார்ட்' ஆய்வு 2015இல் முடிவு சொன்னது: உடனே தொடங்கியவர்களுக்குக் கடும் நோய்களும் மரணமும் 57 சதவீதம் குறைவு. 2017இலிருந்து இந்தியாவிலும் சிடி4 எதுவாக இருந்தாலும் உடனே மருந்து. இன்றைக்குப் புதிதாகத் தெரியவருகிறவர்களுக்கு உங்கள் அப்பாவுக்கு இல்லாத அந்த வசதி இருக்கிறது.

அழற்சியைக் குறைக்கத் தனி மருந்து உண்டா? நிறைய முயன்றார்கள். குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட், ஆஸ்பிரின், குடலுக்கான ஆன்டிபயாடிக், ஏஆர்டியோடு இன்னொரு வைரஸ் மருந்து என்று எதுவும் தெளிவாகக் கைகொடுக்கவில்லை. உருப்படியாகத் தேறியது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை. 'ரிப்ரீவ்' என்ற ஆய்வில் 12 நாடுகளில் 7,769 பேர், 40 முதல் 75 வயதுக்குள், இதய நோய் இன்னும் வராதவர்கள். பாதிப் பேருக்கு தினம் 4 மில்லிகிராம் பிடாவஸ்டாட்டின் கொடுத்தார்கள். 2023இல் வந்த முடிவு: மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைவு. சிலருக்குச் சர்க்கரையும் தசை வலியும் கொஞ்சம் கூடுதலாக வந்தன. உங்கள் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தாகிவிட்டதால் எப்படியும் ஏதாவது ஒரு ஸ்டாட்டின் கொடுத்திருப்பார்கள். அதையும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகளையும் நெஞ்சு வலி போய்விட்டதே என்று நடுவில் விடக் கூடாது. ரிப்ரீவ் செய்தி உதவப்போவது அப்பாவோடு ஏஆர்டி மையத்து வரிசையில் உட்காரும் அவருடைய நண்பர்களுக்கு. 40 வயதைத் தாண்டியவர்கள் அடுத்த முறை போகும்போது, எனக்கு ஸ்டாட்டின் வேண்டுமா என்று கேட்கட்டும்.

'மாத்திரை சூடு' என்ற பேச்சு சும்மா வரவில்லை. ஆரம்ப காலத்தில் கொடுத்த நெவிரபின் சிலருக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கொண்டுவந்தது. ஜிடோவுடின் ரத்த சோகை கொடுத்தது. இன்னொன்றும் உண்டு. சிடி4 மிகவும் இறங்கிய நிலையில் மாத்திரை தொடங்கினால், தேறிவரும் எதிர்ப்பு மண்டலம் உள்ளே ஒளிந்திருந்த டிபி கிருமியைத் திடீரென்று அடையாளம் கண்டு பாயும். சில வாரங்களில் காய்ச்சல், கழுத்தில் கட்டி, மூச்சு வாங்கல் எல்லாம் வரும். மாத்திரை ஆரம்பித்த பிறகுதானே இதெல்லாம் என்று மக்கள் பார்த்ததைச் சொன்னார்கள். பார்த்தது உண்மை, காரணம் வேறு. பத்து வருஷம் கழித்து வந்த மாரடைப்பை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒரு விதிவிலக்கு: அபாகாவிர் என்ற மருந்து மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டுவதாகப் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு டெனோஃபோவிருக்குப் பதில் அதைக் கொடுப்பதுண்டு. அப்பாவின் டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். மாற்று இருக்கிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சூட்டைத் தணிக்கச் சாப்பாடு கேட்டீர்கள். பழைய சோறு நல்லதாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் ஸ்டான்லி மருத்துவமனையில் அதைக் குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்து ஆய்வு செய்ததிலிருந்து இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. அது வேறு நோய்; எச்.ஐ.வி. குடல் கசிவுக்கு அதை மருந்தாகச் சொல்ல ஆதாரம் கிடையாது. சாப்பிட்டால் கெடுதல் இல்லை, தாராளமாகச் சாப்பிடட்டும். தொட்டுக்கொள்ளும் கருவாட்டின் உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தத்துக்கு நல்லது. மத்தி, கானாங்கெளுத்தி குழம்பு எண்ணெயில் பொரித்த வஞ்சிரத்தைவிட மேல். சில லேப்களில் 'இன்ஃப்ளமேஷன் பேக்கேஜ்' என்று ஐஎல்-6, டி-டைமர் எல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். லேப்காரனாகச் சொல்கிறேன், அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். அந்த எண்கள் ஆயிரம் பேரைச் சேர்த்து ஆராயும்போது பேசும். ஒரு ஆளுக்கு இன்றைக்கு ஏறும், சளி பிடித்தால் ஏறும், நாளைக்கு இறங்கும்; அதை வைத்து எந்த மருந்தையும் மாற்றப்போவதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், வருஷாந்திர வைரல் லோடு, இவை போதும்.

டிபியை மட்டும் லேசாக எடுக்கக் கூடாது. எச்.ஐ.வி. இருப்பவருக்கு அந்த ஆபத்து பல மடங்கு, நம் பக்கத்து நெருக்கமான வீடுகளில் இன்னும் சுலபமாக ஒட்டும். டிபியே பெரிய அழற்சி நோய், வந்தால் எச்.ஐ.வி.யையும் உசுப்பிவிடும். இருமலோ மாலைக் காய்ச்சலோ இரவு வியர்வையோ எடை குறைவோ இருந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வராமல் தடுக்கும் மாத்திரை ஏஆர்டி மையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும், ஏற்கெனவே சாப்பிட்டாரா என்று கேளுங்கள். டிபி வந்துவிட்டால் அதற்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் டோலுடெகிராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், அதனால் டோலுடெகிராவிரை இரண்டு வேளையாக்குவார்கள். இரண்டு நோய்க்கும் பார்க்கும் டாக்டர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பது அதற்காகத்தான்.

கடைசியாக, தெருமுனைக் கிளினிக்குக்குப் போகும்போது அப்பா தன் நோயைச் சொல்வதில்லை என்று சொன்னீர்கள். அவருடைய தயக்கம் புரிகிறது. நோயைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் அனுமதி இல்லாமல் வெளியே சொல்வதையும் 2017 எச்.ஐ.வி. சட்டம் தடைசெய்கிறது. ஆனால் சட்டம் ஏட்டில் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த நாற்காலியில் இருக்கிறார். இருந்தாலும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையாவது சொல்ல வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் ஆன்டாசிட் மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் டோலுடெகிராவிர் உடம்பில் சரியாக ஏறாது. அதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோதான் ஏஆர்டி மாத்திரை. வெறும் வயிற்றில் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடும் அதே சிக்கல். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் தொடங்கினால் அளவை மட்டாக வைக்க வேண்டும், டோலுடெகிராவிர் அதை ரத்தத்தில் ஏற்றும். இரண்டாம் வரிசை மருந்தில், அதாவது ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரையில் இருப்பவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். சில ஸ்டாட்டின்கள் அவர்களுக்கு ஆகாது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளின் வேலையையும் அது மாற்றிவிடும், உடம்பு வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசிகூட உடம்பில் தங்கிப்போகும். நோயின் பெயரைச் சொல்ல வாய் வராவிட்டால் மாத்திரை டப்பாவின் லேபிளை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எந்த டாக்டரிடம் போனாலும் புது மருந்து எழுதுவதற்கு முன்னால் அதைக் காட்டச் சொல்லுங்கள். எழுதி வாங்கிய புதுச் சீட்டை அடுத்த முறை ஏஆர்டி மையத்துக்குப் போகும்போது அங்கேயும் காட்டட்டும்.